மழைக்குப் பட்டை, அணைக்குக் கோடு

கோமுகி அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கச்சிராயபாளையம் பக்கத்து விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். முழு மட்டம் 46 அடி, நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு, மலையில் மழை இப்படியே பிடித்தால் இத்தனை நாளில் நிரம்பும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அவர் மனத்துக்குள் ஒரு கோடு ஓடுகிறது. நேற்றைய மட்டத்திலிருந்து இன்றைய மட்டத்துக்கு ஏறி, நாளையை நோக்கி நீள்கிற கோடு. அணையின் நீர்மட்டத்தை வரைய அதுவே சரியான வரைபடம். நேற்று இருந்த தண்ணீர்தான் இன்றும் இருக்கிறது. நள்ளிரவில் யாரும் போய்ப் பார்க்காவிட்டாலும் அப்போதும் அணையில் ஒரு மட்டம் இருந்தது. இரண்டு அளவுகளைக் கோட்டால் இணைக்கும்போது நாம் சொல்வது அதைத்தான்.

மழைக் கணக்கு வேறு. காலை எட்டரை மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, மில்லிமீட்டரைக் குறித்துக்கொண்டு, கீழே கொட்டிவிடுகிறோம். அடுத்த நாள் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. திங்கள்கிழமை 40 மில்லிமீட்டர், செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை என்றால், இரண்டையும் கோட்டால் இணைத்தவர் நடுவில் எப்போதோ 20 மில்லிமீட்டர் பெய்ததாகச் சொல்கிறார். அப்படி ஒரு மழை பெய்யவே இல்லை. மழைக்கு நாளுக்கொரு பட்டைதான் சரி. இதைவிடத் தவறானது ஊர்களைக் கோட்டால் இணைப்பது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், வெள்ளிமலை, திருக்கோவிலூர் என்று ஒரு நாள் மழையை வரிசையாகக் குறித்து, மேலும் கீழுமாகக் கோடு இழுத்த படங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் கைப்பேசிக்கு வருகின்றன. சங்கராபுரத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் அந்தக் கோடு எந்த ஊரில் ஓடுகிறது? ஊர்களின் வரிசையை மாற்றினால் ஏற்றம் இறக்கமாகிவிடும். வரிசையை மாற்றியவுடன் கதை மாறுகிற இடத்தில் கோட்டுக்கு வேலை இல்லை.

பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன்மலை ஒன்றியங்களில் மழை, சாகுபடிப் பரப்பு, பயிர் அறுவடைப் பரிசோதனை என்று எண்களைச் சேகரித்து மேலே அனுப்புவதே என் பிழைப்பாக இருந்தது. மழையில் நனைந்தும் சேற்றில் நின்றும் எழுதிய எண்கள், மேசைக்குப் போய்ப் படமாக மாறும்போது பல முறை வேறு செய்தியைச் சொல்லின. எண் பொய் இல்லை. கூட்டலிலும் பிழை இல்லை. படத்தின் வகையைத் தேர்ந்தெடுத்தவர், என்ன கேள்விக்காக அதை வரைகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தின் அலட்சியத்தால் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதிகம் இழந்தது கல்வராயன் மலை. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டை வரைபடம் பிறந்த கதையே இதற்குப் பாடம். 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை ஆண்டுவாரியாகக் கோடுகளால் வரைந்து ஒரு புத்தகம் போட்டார். ஸ்காட்லாந்துக்கு வந்தபோது சிக்கிக்கொண்டார். அந்த நாட்டுக்கு அவரிடம் பல ஆண்டுக் கணக்கு இல்லை. ஒரே ஓர் ஆண்டின் வணிகம்தான் இருந்தது, எந்தெந்த நாட்டோடு எவ்வளவு என்று. காலம் இல்லாத இடத்தில் கோடு எதை இணைக்கும்? ஆகவே நாட்டுக்கு ஒரு பட்டை போட்டார். இருப்பதைப் பார்த்து வடிவத்தைத் தீர்மானித்தார். வட்ட விளக்கப்படமும் அவர் தந்ததுதான், 1801இல்.

இன்று நம் அலுவலகங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். கணினியில் எந்தப் பொத்தான் முதலில் கண்ணில் படுகிறதோ, எது வண்ணமயமாக இருக்கிறதோ, அதில் எண்களைப் போட்டு எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது வட்ட விளக்கப்படம், அதுவும் முப்பரிமாணத்தில் சாய்த்து வைத்தது. 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர் மனிதக் கண் எதைச் சரியாக ஒப்பிடுகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தை நாம் நன்றாகக் கணிக்கிறோம், அடுத்து நீளத்தை. கோணத்தையும் பரப்பையும் கணிப்பதில் தடுமாறுகிறோம். பட்டை நமக்கு நீளத்தைத் தருகிறது, வட்டம் கோணத்தைத் தருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழை என்பதைக் காட்ட வட்டம் பொருத்தமானது; ஒரு முழுமை, நான்கு பருவம், அதில் பாதி எது என்பது சட்டென்று தெரியும். பதினொரு துறைகளின் செலவை வட்டத்தில் போட்டால், ஏழாவது பெரியதா எட்டாவது பெரியதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டைக்கு ஒரு கட்டாயம் உண்டு: அடி பூஜ்யத்தில் இருக்க வேண்டும். 2025 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, முதலிடம் பிடித்த அரியலூர் 98.82. வித்தியாசம் நாலு விழுக்காட்டுக்கும் குறைவு. இதையே 94இல் அடி வைத்து வரைந்தால், அரியலூரின் பட்டை மாநிலப் பட்டையைவிட நான்கு மடங்குக்கும் மேல் உயரமாக நிற்கும். இடுப்புக்கு மேலே மட்டும் அளந்து இருவரின் உயரத்தை ஒப்பிடுவது போன்றது அது. தேர்வு முடிவு வந்த மறுநாள் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பின்தங்கிய மாவட்டத்து ஆசிரியர்கள் கேட்கிற வசவு எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாப் படமும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று இதை ஒரு சட்டமாக்கிவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புக்காரருக்கு உயிரான எண் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கிற விழுக்காடு. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 விழுக்காடு கட்டுமானம் இருந்தால் குவிண்டாலுக்கு 340 ரூபாய், 9.5 அல்லது அதற்குக் கீழே போனால் 315 ரூபாய் 10 காசு. முக்கால் விழுக்காட்டு வித்தியாசத்தில் டன்னுக்கு 249 ரூபாய் போனது. பூஜ்யத்தில் அடி வைத்துப் பட்டை போட்டால் 9.5ம் 10.25ம் கிட்டத்தட்ட ஒரே உயரம். அந்த 249 ரூபாய் கண்ணுக்கே தெரியாது. இதற்குக் கோடுதான் வேண்டும், அளவுகோல் எட்டிலிருந்து பதினொன்று வரை இருந்தால் போதும். அரவைப் பருவத் தொடக்கத்தில் கட்டுமானம் குறைவாக இருந்து, நடுவில் ஏறி, வெயில் கடுக்கும்போது இறங்குவது அப்போதுதான் தெரியும். வெட்டு உத்தரவு தாமதமானால் நட்டம் யாருக்கு என்பதும் தெரியும். பட்டை நீளத்தால் பேசுகிறது, அதனால் அடி வெட்டக் கூடாது. கோடு சரிவால் பேசுகிறது, அதற்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

மரவள்ளிக்கு வருகிறேன். மலையிலும் அடிவாரத்திலும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் காசு பார்க்கிற பயிர் அது. கிழங்கு லாரியில் ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே மாவுச் சத்தை அளந்து 'பாயிண்ட்' போடுகிறார்கள். பாயிண்டைப் பார்த்து விலை. கரியாலூர் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "பாயிண்ட் ஏறுனா ரேட்டு ஏறும்னுதான் சார் சொல்றாங்க. எங்களுக்கு என்னமோ பாயிண்ட் ஒரு பக்கம், ரேட்டு ஒரு பக்கம் போவுது." இந்தக் கேள்விக்கு மாதச் சராசரி விலை பதில் சொல்லாது. சராசரிப் பாயிண்டுக்கு ஒரு பட்டை, சராசரி விலைக்கு ஒரு பட்டை என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் சொல்லாது. அவர் கேட்டது இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள உறவை. அதற்கு இருக்கிற படம் சிதறல் விளக்கப்படம். கிடைக்கோட்டில் பாயிண்ட், நிலைக்கோட்டில் விலை, ஒவ்வொரு லோடுக்கும் ஒரு புள்ளி.

ஒரு கிராமத்தில் அறுவடைக் காலத்தில் ஐம்பது பேர் பாயிண்டும் விலையும் குறித்த தங்கள் ஆலைச் சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தால், ஒரு தாளில் ஒரு மணி நேரத்தில் அதை வரைந்துவிடலாம். புள்ளிகள் இடமிருந்து வலமாக ஒழுங்காக ஏறினால் பேச்சில் உண்மை இருக்கிறது. ஒரே பாயிண்டுக்கு நேர் மேலே புள்ளிகள் உயரவாக்கில் பரவி நின்றால், அதே தரமுள்ள கிழங்குக்கு வேறு வேறு விலை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த வேலை, அந்தப் புள்ளிகளுக்கு ஊர் வாரியாக நிறம் கொடுப்பது. கீழ் வரிசைப் புள்ளிகள் எல்லாம் மலை ஊர்களுடையதா? தூரத்து வாடகை கழித்ததா, இடைத்தரகர் கழித்ததா, மழைக்கு முன் அவசரமாக விற்றதா? சண்டை போடப் போகிறவருக்கும் சமாதானம் பேசப் போகிறவருக்கும் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள். 1973இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு எண் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். நான்குக்கும் சராசரி ஒன்று, ஒட்டுறவு எண்ணும் ஒன்று. வரைந்து பார்த்தால் நாலும் நாலு விதம். ஒன்று நேராக ஏறுகிறது, ஒன்று வளைகிறது, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி முழுக் கணக்கையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. மரவள்ளிச் சீட்டுகளைச் சராசரி போட்டு மூடி வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சராசரி மூடி மறைக்கிற இன்னொரு இடம் பயிர் மகசூல். அறுவடைப் பரிசோதனைக்குப் போகும்போது குலுக்கல் எண் வைத்துச் சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்து, நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவோம். பயிர்க் காப்பீட்டுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்த எடைகளின் சராசரிதான் முடிவு செய்கிறது. மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற இறவை நிலமும் வானம் பார்த்த மானாவாரி நிலமும் ஒரே ஃபிர்காவில் கலந்து கிடக்கின்றன. மழை பொய்த்த வருடத்தில் இறவைக்காரருக்கு நல்ல விளைச்சல், மானாவாரிக்காரருக்குத் தட்டைதான் மிச்சம். சராசரி இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும், அந்த மகசூலை எடுத்த விவசாயி ஒருவர்கூட அந்த ஃபிர்காவில் இல்லாமல் போகலாம். இதைக் காட்டிக்கொடுப்பது நிகழ்வுச் செவ்வகம். மகசூலை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை வயல் என்று செவ்வகம் எழுப்பினால், ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடுகள் எழும். இரண்டு மேடு தெரிந்தால் அங்கே இரண்டு விதமான விவசாயம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால்தான் நியாயம்.

நிகழ்வுச் செவ்வகமும் பட்டை வரைபடமும் பார்க்க ஒன்று போலிருக்கும், வேலை வேறு. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஊர் பெயரை இடம் மாற்றி வைக்கலாம். நிகழ்வுச் செவ்வகத்தில் வகுப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், இடம் மாற்ற முடியாது, பேசுவது உயரமல்ல, பரப்பு. வேளாண் கணக்கெடுப்பில் நிலவுடைமையை ஒரு ஹெக்டேருக்குக் கீழ், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் நான்கு, நான்கு முதல் பத்து என்று பிரிக்கிறார்கள். அகலம் ஒன்றல்ல. அகலத்தால் வகுக்காமல் எண்ணிக்கையை அப்படியே உயரமாக வைத்து வரைந்தால் நடுத்தர விவசாயி இருக்கிறதைவிடப் பெரிதாகத் தெரிவார். 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி உடைமை 0.75 ஹெக்டேர்; நான்கில் மூன்று பங்குக்கு மேல் உடைமைகள் ஒரு ஹெக்டேருக்குள் அடங்கியவை. இந்தப் படங்களெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. வட்ட விளக்கப்படம், நிகழ்வுச் செவ்வகம், நிகழ்வுப் பலகோணம் மூன்றையும் நம் பிள்ளைகள் அங்கே படித்துவிடுகிறார்கள். வரையும் முறையைக் கற்றுத் தருகிற அளவுக்கு, எப்போது எதை வரைவது என்பதைக் கற்றுத் தருவதில்லை என்பதே என் குறை.

இனி மலை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019 நவம்பர் 26 முதல் இயங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன்மலை வட்டத்தின் பங்கு இதில் மிகச் சிறியது. நூறு பேரில் 95 பேர் சமவெளியில், 5 பேர் மலையில் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு வசதி சமவெளியில் 90 விழுக்காட்டினருக்குக் கிடைத்து, மலையில் 50 விழுக்காட்டினருக்கு மட்டும் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாவட்டச் சராசரி 88. மலையில் பாதிப் பேருக்கு இல்லை என்ற செய்தி, மாவட்டப் பட்டையில் இரண்டு விழுக்காட்டுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டைப் படத்தில் கள்ளக்குறிச்சி மோசமில்லை என்று தோன்றும், கூட்டம் கலையும்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. நீதிமன்றம் கேட்கும்வரை அந்தக் கேள்வி எழாமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. மலையைத் தனியே காட்டாத படங்களும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்வராயன்மலை வட்டத்தை மட்டும் தனியே பிரித்து ஒரு பட்டை போட்டால் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. மலைக்குள்ளும் வெள்ளிமலையும் கரியாலூரும் பேருந்து வந்து நிற்கிற ஊர்கள். இறங்கி இரண்டு ஓடை தாண்டி நடக்க வேண்டிய குக்கிராமங்களும் மலைதான். அவற்றையும் சராசரிக்குள் போட்டுவிடக் கூடாது. நான் கேட்கிற படம் எளிமையானது. ஒரு நீளமான கிடைக்கோடு. அதில் பூஜ்யம் முதல் உச்ச அளவு வரை குறிகள். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு புள்ளி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூரம் என்றால் அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி. நெருங்கிக் கிடக்கும் புள்ளிகள் எத்தனை, தனியே ஒதுங்கித் தொலைவில் நிற்கும் புள்ளிகள் எத்தனை என்பது பார்த்த கணத்தில் விளங்கும். எந்தப் புள்ளியும் இன்னொன்றுக்குள் கரைந்துபோகாது.

வண்ணம் பூசிய வரைபடம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் அது. மலை பரப்பில் பெரியது, மக்கள் குறைவு. வட்டங்களுக்கு வண்ணம் பூசினால் மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரிய சிவப்புத் திட்டாகத் தெரியும். பக்கத்தில் திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டைச் சிற்றூர்களில் அதைவிட அதிகமான பேருக்கு அதே குறை இருந்தாலும் சின்னதாகத் தெரியும். சராசரிப் பட்டை மலையை மறைக்கிறது, வண்ண வரைபடம் மலையை ஊதிக் காட்டுகிறது. இரண்டும் மலைக்கு நல்லதில்லை. வரைபடம் வேண்டுமென்றால் குடியிருப்பு இருக்கிற இடத்தில் புள்ளி வைத்து வரையுங்கள்.

அந்தச் சிவப்புத் திட்டு மலைக்கு ஏற்கெனவே ஒரு பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்ற பெயர். இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று செய்தி வராத மாதமில்லை. மாதவாரியாக அதற்கும் பட்டை போடுகிறார்கள். பட்டை உயர்ந்தால் காய்ச்சுவது கூடிவிட்டது என்று படிப்பவர் நினைக்கிறார். அந்தப் பட்டை அளப்பது காய்ச்சிய அளவை அல்ல, சோதனைக்குப் போன அளவை. பத்து குழு போன மாதத்தில் பட்டை உயரும், யாரும் போகாத மாதத்தில் தாழும். எத்தனை முறை சோதனை நடந்தது என்பதைக் கிடைக்கோட்டில் வைத்து, அழித்த லிட்டரை நிலைக்கோட்டில் வைத்துச் சிதறலாக வரைந்தால்தான் ஏதாவது புரியும்.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் தொடங்கிய கள்ளச்சாராயச் சாவுகள் அறுபதைத் தாண்டின. உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற வேதிப்பொருள். மலையில் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊற வைக்கிறதில் வருவதல்ல. அந்த வாரம் தொலைக்காட்சிகளில் ஓடிய படம் மொத்தச் சாவு எண்ணிக்கையின் கோடு. மொத்தக் கணக்கின் கோடு ஒருபோதும் இறங்காது. நேற்றைவிட இன்று நிலைமை மேலா மோசமா என்பது அதிலிருந்து சட்டென்று தெரியாது. மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் தேவையானது வேறு படம்: யாருக்கு எந்த மணிக்கு முதலில் கண் மங்கியது, வயிறு வலித்தது என்று மணிவாரியாக எழுப்பிய நிகழ்வுச் செவ்வகம். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நஞ்சை உட்கொண்டிருந்தால் அது ஒரே செங்குத்தான மேடாக எழும். விற்பனை அடுத்த நாளும் தொடர்ந்திருந்தால் இரண்டாவது மேடு எழும், அதைத் தடுக்க நேரம் கிடைக்கும். அதோடு தெருவாரியாக வீடுகளில் புள்ளி வைத்த வரைபடம். 1854இல் லண்டனில் பரவிய காலராவில் இறந்தவர்களை ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடுவீடாகக் குறித்து வரைந்த படத்தில், குறிகள் பிராட் தெருவின் தண்ணீர் பம்பைச் சுற்றிக் குவிந்து நின்றன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற அவர் அதிகாரிகளை இணங்கவைத்திருந்தார். நம் மாவட்ட மருத்துவமனைப் பதிவேட்டில் தெருப் பெயரும் அறிகுறி தொடங்கிய மணியும் எழுதுகிற இரண்டு கட்டங்கள் இருந்தால் இந்த இரண்டு படமும் அன்றைக்கே வரையக்கூடியவை.

மணிக் கணக்கின் அருமையை அதே 2024ஆம் ஆண்டின் மழையும் சொன்னது. ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர், மறுநாள் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. மாநிலத்தின் வடகிழக்குப் பருவச் சராசரியே சுமார் 44 சென்டிமீட்டர்தான். ஊத்தங்கரைத் தண்ணீர் தென்பெண்ணைக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கீழே திருக்கோவிலூர்க் கரையில் இருப்பவருக்கு மாதப் பட்டையால் பயனில்லை, நாள் பட்டையாலும் பயனில்லை. அணையின் வெளியேற்றத்தை மணிக்கு மணி காட்டுகிற கோடுதான் அவரை எழுப்பியிருக்கும்.

கோட்டுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல். விழுப்புரம் மாவட்டத்தின் நெல் பரப்பை இருபது ஆண்டுக்குக் கோடாக வரைந்தால், 2019ஐ ஒட்டி அது தடாலென்று விழும். வறட்சி இல்லை, கள்ளக்குறிச்சி பிரிந்துபோனது. அங்கே கோட்டை வெட்டி, எல்லை மாறிய ஆண்டு என்று எழுத வேண்டும், அல்லது பழைய ஆண்டுகளையும் வட்டவாரியாகப் பிரித்து மறுபடி கணக்கிட வேண்டும். மலைக்கு இந்த வெட்டு இன்னும் ஆழமானது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்த மலையை அரசு ஏற்றுக்கொண்டதே 1976இல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மலையின் கோட்டைப் பின்னோக்கி நீட்டுகிறவர் இல்லாத எண்ணை எழுதுகிறார். மலைத்தொடரின் கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்ட அறிக்கைகளை நம்பி மலையை வரைந்தால் பாதி மலைதான் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவை பேனரில் அச்சடித்துக் கட்டுகிறார்கள். வருகிற அக்டோபர் 2 கூட்டத்துக்குக் கல்வராயன்மலை ஒன்றியத்து ஊராட்சிகள் அந்த பேனருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிப் படத்தையும் மாட்ட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சியின் ஒவ்வொரு குக்கிராமமும் ஒரு புள்ளி; கிடைக்கோட்டில், பிரசவ வலி வந்தால் 108 வண்டி நிற்கிற தார்ச்சாலைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்ற அளவு. வலது ஓரத்தில் தனியே நிற்கிற ஐந்தாறு புள்ளிகளுக்குப் பக்கத்தில் அந்தந்த ஊரின் பெயரை எழுத வேண்டும். அடியில், அந்த ஊருக்குச் சாலை போட மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, வனத்துறை அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரைய ஆள் வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் வருவோம். எண்களை மட்டும் குக்கிராம வாரியாகக் கொடுங்கள்.